பல்லுக்கு உறுதி எவ்வளவு?

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று நம் முன்னோர் கூறி வைத்தனர். அந்த உறுதி எவ்வளவு என்று அவர்கள் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை. கரும்பின் தோலைப் பல்லால் உரிக்க முடிந்தது, கொட்டைப்பாக்கைக் கடித்து உடைக்க முடிந்தது. அவர்களுக்கு அதுவே போதுமான சோதனை. இக்காலத்தில் எதனையும் எண்ணாகச் சொன்னால்தான் நமக்கு மனநிறைவு உண்டாகிறது. பல்லின் முறிவு வலிமை இத்தனை நியூட்டன் என்று பல் மருத்துவ ஏடுகள் அச்சிடுகின்றன. இன்ன பொருளால் அடைத்த பல் மற்றதைவிட இத்தனை நியூட்டன் அதிகமாகத் தாங்கும் என்று விற்பனையாளர்கள் விளம்பரம் செய்கின்றனர். மாணவ நண்பர்களே, அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது, அது பல்லைப் பற்றிய செய்தியா அல்லது பல்லை உடைத்த பொறியைப் பற்றிய செய்தியா என்பதைக் குறித்து இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் பல் மருத்துவன் அல்லேன். கோம்பையில் வாழும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன். ஆனால் இந்தப் பொருள் மருத்துவத்தைச் சார்ந்தது போலவே அளவியலையும் சார்ந்தது. ஆகையால் இதில் எனக்கும் ஓரளவு உரிமை உண்டு என்று கொள்கிறேன்.

முதலில் வாயை விட்டுச் சற்று வெளியே வருவோம். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பயணம் செய்தவர்கள் சாலையின் இருமருங்கிலும் திராட்சைப் பந்தல்களைக் கண்டிருப்பார்கள். வரிசையாகக் கல்தூண்களை நட்டு, அவற்றின் மேல் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, கொடியைப் படர விடுவது வழக்கம். நட்ட தூண் தன் தலைமேல் பாரத்தைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதே தூணைப் படுக்கவைத்து, இரு முனைகளின் கீழும் கல் கொடுத்து, நடுவில் நான்கு பேர் ஏறி நின்றால் அது முறிந்துவிடக்கூடும். கல் ஒன்றே, அதனைத் தாங்கும் முறையும் அதன்மேல் பாரம் விழும் முறையும் வேறு.

இதனை உலகுக்கு முதன்முதல் தெளிவுற விளக்கியவர் இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ. 1638இல் வெளிவந்த 'இரு புதிய விஞ்ஞானங்கள்' என்னும் நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். பெரிய சலவைக்கல் தூண் ஒன்றை இரு முனைகளிலும் கட்டைகள் கொடுத்துக் கிடத்தியிருந்தனர். நடுவில் முறிந்துவிடுமோ என்று அஞ்சிய ஒருவர், நடுவிலும் ஒரு கட்டையைக் கொடுத்தால் நல்லது என்று யோசனை கூறினார். எல்லாரும் அதனை நல்ல யோசனை என்றே கருதினர். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, புதிதாகக் கொடுத்த அந்த நடுக்கட்டைக்கு நேர் மேலேயே தூண் பிளந்து கிடந்தது. முனைக்கட்டைகளுள் ஒன்று உளுத்து இறங்கிவிட்டது, நடுக்கட்டையோ இறங்கவில்லை. ஆகவே தூணின் ஒரு பாதி ஆதாரமின்றித் தொங்க நேர்ந்தது. காப்பதற்காக வைத்த கட்டையே முறிவுக்குக் காரணமாயிற்று. பல்லைச் சோதிக்கும் கூடங்களில் இன்றும் இந்தக் கதை சிற்றுருவில் நடந்து வருகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பந்தற்கம்பியும் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கும். ஒரே கம்பிச் சுருளிலிருந்து ஒரு சாண் துண்டு ஒன்றும் பத்து முழத் துண்டு ஒன்றும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தொங்கவிட்டால், பெரும்பாலும் நீண்ட கம்பியே குறைந்த பாரத்தில் அறும். லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் இத்தகைய சோதனை ஒன்றை வரைந்து வைத்துள்ளார். கம்பியில் ஒரு கூடையைத் தொங்கவிட்டு, அதனுள் மணலை மெல்ல ஒழுகவிட்டு, கம்பி அறும்போது விழுந்த மணலை நிறுத்துப் பார்க்கும் ஏற்பாடு அது. நீண்ட கம்பி ஏன் முதலில் அறுகிறது? கம்பி எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. அதில் எங்கேனும் ஒரு கீறலோ, மெலிவோ, துருவோ இருக்கும். நீளம் கூடக் கூட, அத்தகைய மோசமான இடம் ஒன்று அதில் அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. பொருள் தன் சராசரி இடத்தில் முறிவதில்லை. தன் மிக மெலிந்த இடத்தில்தான் முறிகிறது. இந்த உண்மையைக் கண்ணாடி இழைகளைக் கொண்டு கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1920ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்தார். 1939இல் சுவீடன் நாட்டு வெய்புல் இதற்குக் கணித வடிவம் தந்தார்.

இன்னும் ஒரே ஒரு வெளி உதாரணம். வீடு கட்டுவோர் கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க நம் நாட்டில் 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டியை வார்த்து நசுக்குகிறார்கள். அமெரிக்காவில் உயரம் விட்டத்தைப்போல் இரு மடங்குள்ள உருளையை வார்த்து நசுக்குகிறார்கள். ஒரே கலவையிலிருந்து இரண்டையும் வார்த்தால், உருளை காட்டும் வலிமை கட்டி காட்டுவதில் ஐந்தில் நான்கு பங்கு அளவே இருக்கும். பொறியின் இரும்புத் தகடுகள் கட்டியின் மேல்முகத்தையும் கீழ்முகத்தையும் உராய்வினால் இறுகப் பிடித்துக்கொண்டு, அது பக்கவாட்டில் பிதுங்கவிடாமல் தடுக்கின்றன. குட்டையான கட்டியில் அந்தப் பிடிப்பு உடல் முழுதும் எட்டுகிறது. நெட்டையான உருளையின் நடுப்பகுதிக்கு எட்டுவதில்லை. எனினும் இரு நாட்டாரும் பாதுகாப்பாகவே கட்டிடம் கட்டுகின்றனர். தாங்கள் சொல்லும் எண் எந்த முறையில் பெற்றது என்பதை இருவரும் அறிந்திருப்பதே காரணம்.

இனிப் பல்லுக்கு வருவோம். நாம் காணும் வெண்மையான வெளியுறை எனாமல். நம் உடலிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது அதுவே. எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமப் பொருள். அதற்குள்ளே பல்லின் பேருடலாக அமைந்தது டென்டைன். அதில் கனிமம் ஏறத்தாழ 70 பங்குதான். எஞ்சியது கொல்லாஜன் என்னும் நார்ப்பொருளும் நீரும். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழல்களும் நிறைந்த பற்கூழ் இருக்கிறது.

பல்லின் வலிமையை முறைப்படி அளக்க முயன்ற முன்னோடிகளுள் அமெரிக்கரான ஜி. வி. பிளாக் தலையாயவர். எங்கள் பள்ளத்தாக்குக்குப் பெரியாற்று நீர் வந்த அதே 1895ஆம் ஆண்டில் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். டென்டைனைச் சிறு கட்டிகளாக வெட்டி நசுக்கிப் பார்த்தார். மனிதர் எவ்வளவு விசையுடன் கடிக்கின்றனர் என்பதையும் கருவி அமைத்து அளந்தார். சொத்தை விழுவதற்குக் காரணம் பல் 'மென்பல்'லாக இருப்பதுதான் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். பிளாக்கின் அளவைகள் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று காட்டின. பல்லை நசுக்கி அளப்பது வெறும் வேடிக்கை அன்று என்பதற்கு இதுவே போதும்.

பின்னர் வந்தவர்கள் நுட்பமான பொறிகளைக் கொண்டு அளந்தனர். 1961இல் கிரெய்க் குழுவினர் வெளியிட்ட அளவின்படி, அமுக்கி நசுக்கினால் எனாமல் சதுர மில்லிமீட்டருக்கு 384 நியூட்டன் தாங்கும். டென்டைன் 297 நியூட்டன் தாங்கும். ஒரு கிலோகிராம் எடை சுமார் 9.8 நியூட்டன் என்பதை நினைவிற்கொண்டால், ஊசிமுனையைவிடச் சற்றே பெரிய அந்தப் பரப்பில் எனாமல் ஏறத்தாழ 39 கிலோகிராம் பாரத்தைச் சுமக்கிறது என்றாகும். மறு ஆண்டே, 1962இல், போவனும் ரோட்ரிகஸும் அதே பொருள்களை அமுக்குவதற்குப் பதிலாக இழுத்துப் பார்த்தனர். எனாமல் சுமார் 10 நியூட்டனிலேயே அறுந்தது! டென்டைனோ சுமார் 52 நியூட்டன் வரை தாங்கிற்று.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துச் சற்று நேரம் பாருங்கள். எனாமல் வலியதா, டென்டைன் வலியதா? அமுக்கினால் எனாமல், இழுத்தால் டென்டைன், அதுவும் ஐந்து மடங்கு. கேள்வியை மாற்றினால் எண் மாறுவது மட்டும் அன்று, வரிசையே தலைகீழாகிறது. அடிப்படைப் பௌதிகம் கற்ற மாணவனுக்கு இதில் வியப்பு இராது. அமுக்கும்போது கீறல்கள் மூடிக்கொள்கின்றன. இழுக்கும்போது வாய் திறக்கின்றன. நார்ப்பொருள் குறைந்த எனாமலில் திறந்த கீறலைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

கதை அங்கே முடியவில்லை. 1994இல் சானோ என்னும் ஜப்பானிய ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் டென்டைனை மீண்டும் இழுத்துப் பார்த்தனர். இம்முறை சதுர மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே குறுக்குப் பரப்புள்ள, இடை சிறுத்த மிக நுண்ணிய துண்டுகளைச் செதுக்கிக்கொண்டனர். விடை 100 நியூட்டனைத் தாண்டிற்று. 1962இல் கிடைத்ததைப்போல் இரு மடங்கு. முப்பத்திரண்டு ஆண்டுகளில் மனிதனின் பல் இரு மடங்கு வலிமை பெற்றுவிட்டதா? இல்லை. பந்தற்கம்பியில் கண்ட அதே நியதிதான். துண்டு சிறுத்தது, அதனுள் அகப்படும் குறைகளும் சிறுத்தன. பிடித்து இழுக்கும்போது ஏற்படும் கோணலும் குறைந்தது.

இதுவரை பல்லின் சிறு துண்டுகளைப் பற்றிப் பேசினோம். முழுப் பல்லையே பொறியில் வைத்து உடைக்கும் சோதனையில்தான் முறைகளின் விளையாட்டு அதிகம். இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் முதன்முதல் தொடங்கியவர் டாக்டர் ரபியுதீன் அகமது. சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. இன்று தமிழகத்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. அவற்றில் மேற்படிப்புப் படிப்போர் பலர் பிடுங்கிய பற்களைச் சேகரித்து, தக்கவாறு தயாரித்து, எஃகையும் பிளாஸ்டிக்கையும் சோதிப்பதற்கென அமைந்த பொறிகளில் வைத்து உடைக்கின்றனர். உங்களுள் சிலர் நாளை அந்தப் பணியில் ஈடுபடக்கூடும். ஆதலால் இப்பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதற்கேள்வி: யாருடைய பல்? பல்வரிசையைச் சீராக்குவதற்காக இளைஞர்களிடமிருந்து எடுக்கும் முன்கடைவாய்ப் பற்களும், முளைக்க இடமின்றித் தொல்லை தரும் ஞானப்பற்களுமே ஆராய்ச்சிக்கு எளிதாகக் கிடைக்கின்றன. முதியவர்களின் பற்கள் ஈறு நோயினால் ஆடிப்போனபின் கிடைக்கின்றன. வயது ஏற ஏற டென்டைனிலுள்ள நுண்குழல்களில் கனிமம் படிந்து அடைகிறது. பல் கீறலைத் தாங்கும் திறன் குறைகிறது. இருபது வயது இளைஞனின் பல்லில் பெற்ற எண்ணை என் பல்லுக்குப் பொருத்துவது, இளங்கன்றின் ஓட்டத்தைக் கிழ எருதிடம் எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும். குடிநீரும் பல்லை மாற்றும். தருமபுரிப் பகுதியைப் போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்களில் வளர்ந்தோரின் எனாமல் கறை படிந்து, மேற்பரப்பின் கீழ் நுண்துளைகள் மிகுந்து காணப்படும். அத்தகைய பற்களை மற்றப் பற்களோடு கலந்து ஒரே குவியலாகச் சோதித்தால் கிடைக்கும் சராசரி எவருடைய பல்லுக்கும் உரியதாகாது. மனிதப் பல் கிடைக்காதபோது மாட்டுப்பல்லைப் பயன்படுத்துவோரும் உண்டு. அது பெரிது, எளிதில் கிடைப்பது. ஆயினும் அது மாட்டுப்பல்தான்.

இரண்டாவது கேள்வி, பிடுங்கிய நாள் முதல் உடைக்கும் நாள் வரை அப்பல் எங்கே இருந்தது என்பது. வெளியில் கிடந்தால் காயும். ஃபார்மலினில் போட்டால் அதன் நார்ப்பொருள் மாறுதல் அடையும். புளியமரத்தின் பச்சை மிலாறு வளையும். காய்ந்த மிலாறு விறைப்பாக நின்று, வளையாமல் படீரென்று முறியும். டென்டைனும் அத்தகையதே. காய்ந்த டென்டைன் விறைப்பு மிகுந்து, கீறல் ஓடுவதைத் தடுக்கும் திறனை இழக்கிறது. ஆகையால் பற்களை ஈரத்திலேயே, குளிர்ச்சியான இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது பொதுவிதி. பல்லோடு பசைப்பொருள்கள் ஒட்டும் வலிமையைச் சோதிப்பதற்கான உலகத் தர நிறுவனத்தின் 11405ஆம் எண் ஆவணம், பிடுங்கி ஆறு மாதத்திற்கு மேற்பட்ட பற்களைப் பயன்படுத்த வேண்டா என்கிறது. இத்தனைப் பாதுகாப்புடன் வைத்திருந்த பல்லைக் கடைசியில் சோதனை மேசையின்மேல் விசிறிக் காற்றில் மறந்து வைத்தால் பட்ட பாடு வீண்.

மூன்றாவது கேள்வியில்தான் கலிலியோவின் தூண் நம்மை எதிர்கொள்கிறது. பல்லைப் பொறியில் நிறுத்த வேண்டுமே! அதற்காக வேர்ப்பகுதியை அக்ரிலிக் போன்ற ஒரு பிசினில் பதித்து உறையவைக்கின்றனர். நம் வாயில் பல் எலும்பில் அப்படிச் சிமெண்டுத் தரையில் நட்ட கம்பம்போல் பதிந்திருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு நார்ச்சவ்வு உண்டு. கடிக்கும்போது பல் அந்த மெத்தையில் மிகச் சிறிதளவு அமிழ்ந்து எழுகிறது. மெத்தையின்றிக் கடினப் பிசினில் பதித்த பல்லில், பிசினின் விளிம்பு வேரை இறுகப் பிடிக்கிறது. தகைவு முழுதும் அந்த விளிம்பில் வந்து குவிகிறது. முறிவும் அங்கேயே நேர்கிறது. பிசினைப் பல்லின் கழுத்துவரை ஊற்றிவிட்டால் வேர் பிளக்கவே இடமில்லை. சற்றுத் தாழ ஊற்றினால் வேர் பிளக்க வழி உண்டாகிறது. பிரேசில் நாட்டில் சோவாரெஸ் குழுவினர் 2005இல் மாட்டுப்பற்களைக் கொண்டு இதனையே ஆராய்ந்தனர். பதிக்கும் முறையை மாற்றியபோதும், வேரைச் சுற்றிச் செயற்கைச் சவ்வு அமைத்தபோதும் முறிவு விசையும் மாறிற்று, முறிவின் தோற்றமும் மாறிற்று. இன்று கவனமுள்ள ஆராய்ச்சியாளர்கள் வேரைச் சுற்றி மெல்லிய ரப்பர் போன்ற பொருளை வைத்து, பல்லின் கழுத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழ்வரை மட்டுமே பிசினில் பதிக்கின்றனர்.

அடுத்தது, பல்லை எதனால் அமுக்குவது, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் என்பது. கடைவாய்ப்பல்லின் மேல்முகத்தில் முகடுகளும் அவற்றிடையே பள்ளமும் இருப்பதை நாவினாலேயே உணரலாம். ஓர் எஃகுக் குண்டை அந்தப் பள்ளத்தில் வைத்து அமுக்கினால், அது விறகில் செருகிய ஆப்பைப்போல் முகடுகளை இருபுறமும் விலக்கிப் பிளக்கிறது. தட்டையான தகட்டால் அமுக்கினால் முகட்டின் நுனி மட்டும் நொறுங்குகிறது. முன்பல்லை நேர்மேலிருந்து அமுக்கினால் அது பெரும் பாரத்தைத் தாங்கும். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சந்திக்கும் சாய்வையொட்டி அமுக்கினால் அதைவிடக் குறைவாகவே தாங்கும், ஏனெனில் அப்போது பல் வளைகிறது. வேகமும் அவ்வாறே. டென்டைனில் நீரும் நாரும் இருப்பதால் அது மெல்ல அமுக்கினால் ஒருவிதமாகவும் விரைந்து தாக்கினால் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். சோதனைப் பொறியின் தலை நிமிடத்திற்கு அரை மில்லிமீட்டர் அல்லது ஒரு மில்லிமீட்டர் இறங்குவதே பெரும்பாலான ஆய்வுகளில் உள்ள வழக்கம். அந்த வேகத்தில் நாம் மென்றால் ஒரு வாய்ச் சோறு விழுங்குவதற்குள் மாலை நேரம் வந்துவிடும்!

இவ்வளவும் ஒரே ஒரு முறை அமுக்கி உடைக்கும் சோதனையைப் பற்றியது. வாயில் எந்தப் பல்லும் சாதாரணமாக அப்படி உடைவதில்லை. கடைவாயில் முழு மூச்சுடன் கடித்தால் உடல்நலமுள்ள இளைஞர்கள் 600, 700 நியூட்டன் விசை தரக்கூடும். சோறு மெல்லும்போது அதில் மிகச் சிறு பங்கே போதும். ஆனால் அந்தச் சிறு விசை ஆண்டுக்குப் பல இலட்சம் முறை விழுகிறது. ஒரு கம்பியைக் கையால் அறுக்க முடியாதபோது அதனை முன்னும் பின்னும் பலமுறை வளைத்து முறிப்போம் அன்றோ? பல்லும் அப்படித்தான் களைத்து முறிகிறது. இதனை உணர்ந்தோர் மெல்லும் பொறிகளை அமைத்து, குளிர்நீரும் வெந்நீரும் மாறி மாறிப் பாய்ச்சி, பல இலட்சம் முறை அமுக்கிய பின்னரே பல்லை முறிக்கின்றனர். பன்னிரண்டு இலட்சம் அமுக்கல் ஐந்து ஆண்டு வாழ்வுக்குச் சமம் என்று கணக்கிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதனை ஒரு வசதியான மரபு என்றுதான் நான் கொள்வேன். வெற்றிலை போடும் பாட்டியின் ஐந்தாண்டும் அவருடைய பேரனின் ஐந்தாண்டும் ஒன்றாகுமா?

அப்படியானால் எந்தச் சோதனையை நம்புவது? ஒரு நல்ல உரைகல் உண்டு. சோதனையில் பொருள் உடைந்த விதமும், வாயில் அது உடையும் விதமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பீங்கான் உறைகளைப் பற்றி கெல்லி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1999இல் இந்த உரைகல்லைக் கொண்டே தம் வாதத்தை அமைத்தார். எஃகுக் குண்டால் உறையை அமுக்கி நொறுக்கும் சோதனைகளில், குண்டு தொட்ட மேற்பரப்பிலிருந்து சேதம் தொடங்குகிறது. நோயாளிகளின் வாயில் உடைந்த உறைகளையோ உற்று நோக்கினால், விரிசல் உட்புறத்திலிருந்து, பல்லோடு ஒட்டிய முகத்திலிருந்து தொடங்கியிருக்கக் காணலாம். ஆகவே அந்தச் சோதனைகள் தந்த பெரிய பெரிய எண்கள் துல்லியமானவையாக இருக்கலாம். ஆனால் அவை வாயில் நிகழாத ஒரு முறிவின் எண்கள்.

இவ்வேறுபாடுகள் நம்மைப் போன்றோரின் வாயையும் பணப்பையையும் எவ்வாறு தொடுகின்றன என்பதற்கு ஒரு சான்று காட்டுகிறேன். சொத்தை பற்கூழ்வரை எட்டிவிட்டால், கூழை நீக்கி வேர்க்கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர்ச்சிகிச்சையைச் செய்கிறார்கள். எனக்கும் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் அது செய்யப்பட்டது. முடிந்ததும் அந்த இளம் மருத்துவர், "ஐயா, இனி இந்தப் பல் காய்ந்த விறகு மாதிரி. மேலே உறை போட்டுக்கொள்ளுங்கள்," என்றார். அந்த அறிவுரை சரியானதே, போட்டுக்கொண்டேன். ஆனால் அதற்கு அவர் கூறிய காரணத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

உயிர்க்கூழ் போனபின் பல்லில் ஈரம் வற்றி அது நொறுங்கும் தன்மை அடைகிறது என்பது நெடுநாளைய நம்பிக்கை. 1972இல் ஹெல்ஃபர் குழுவினர் கூழ் நீக்கிய பற்களில் ஈரம் நூற்றுக்கு 9 பங்கு குறைவு என்று கண்டு வெளியிட்டனர். நம்பிக்கைக்கு எண் கிடைத்துவிட்டது. அது எங்கும் பரவிற்று. ஆனால் அவர்கள் அளந்தவை நாயின் பற்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய கோம்பை நாய் எலும்பைக் கடிப்பதைப் பார்த்த எவரும் நாய்ப்பல்லையும் மனிதப்பல்லையும் ஒன்றாகக் கருதத் தயங்குவர். பின்னர் மனிதப் பற்களையே இணை இணையாக எடுத்து, ஒரே ஆளின் வலப்புறப் பல்லையும் இடப்புறப் பல்லையும் ஒப்பிட்டு அளந்தபோது, 1994இல் வெளியான அந்த ஆய்வில், உயிருள்ள பல்லில் ஈரம் 12.35 பங்கு, சிகிச்சை செய்த பல்லில் 12.10 பங்கு. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

வலிமையையும் அவ்வாறே இணைகளாக அளந்தனர். 1992இல் செட்ஜ்லியும் மெஸ்ஸரும் வேர்ச்சிகிச்சை செய்த 23 பற்களையும், அதே மனிதர்களின் மறுபக்கத்து உயிருள்ள பற்களையும் ஒப்பிட்டனர். சிகிச்சை நடந்து சராசரியாகப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. டென்டைனின் கடினத்தில் மட்டும் நூற்றுக்கு 3.5 பங்கு வேறுபாடு காணப்பட்டது. மற்ற வலிமைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே ஆள், ஒரே வயது, ஒரே குடிநீர், ஒரே உணவு. ஆளுக்கு ஆள் மாறும் குழப்பங்களை எல்லாம் அந்த இணை ஒப்பீடு ஒரே வீச்சில் விலக்கிவிட்டது. பெரிய பொறி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது தக்க பற்களைத் தேடிச் சேர்க்கும் பொறுமைதான்.

அப்படியாயின் வேர்ச்சிகிச்சை செய்த பற்கள் அதிகமாக உடைவது ஏன்? இதற்கு விடை தந்தது, பல்லை உடைக்காமலே செய்த ஒரு சோதனை. 1989இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகியோர் 42 முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, முகடுகள் எவ்வளவு வளைகின்றன என்பதைக் காட்டும் நுண்ணளவிகளை ஒட்டினர். உடையாத அளவுக்குச் சிறு விசை கொடுத்து வளைவைக் குறித்தனர். பிறகு அதே பல்லில் ஒவ்வொரு வேலையாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் மீண்டும் அளந்தனர். உடைக்கும் சோதனையில் ஒரு பல்லை ஒரு முறைதான் கேட்க முடியும். இதில் ஒரே பல்லைப் பல முறை கேட்க முடிந்தது. வேர்ச்சிகிச்சைக்காகத் திறந்ததால் பல்லின் விறைப்பு 5 பங்கு மட்டுமே குறைந்தது. மேல்முகத்தில் ஒரு குழி தோண்டியதால் 20 பங்கு குறைந்தது. முன்னும் பின்னும் உள்ள ஓர விளிம்புகளை வெட்டிக் குறுக்கே வாய்க்கால்போல் குழி எடுத்தபோது 63 பங்கு குறைந்தது. பல்லைப் பலவீனமாக்குவது கூழை நீக்கியது அன்று. சொத்தையும், அதனை அடைக்க நாம் வெட்டியெடுத்த சுவர்களுமே என்று அந்த எண்கள் கூறின.

வாயிலிருந்தும் இதற்கு ஒத்த சான்று முன்னரே வந்திருந்தது. 1984இல் சோரன்சனும் மார்ட்டினாஃபும் வேர்ச்சிகிச்சை செய்த 1,273 பற்களின் வரலாற்றை நோயாளிகளின் பதிவேடுகளிலிருந்து ஆராய்ந்தனர். முன்கடைவாய்ப் பற்களிலும் பின்கடைவாய்ப் பற்களிலும் முகடுகளை மூடி உறை போட்டவை தெளிவாக நெடுநாள் நிலைத்தன. முன்பற்களில் உறை போட்டதனால் அத்தகைய நன்மை காணப்படவில்லை. வேருக்குள் உலோகக் கம்பி செருகினால் பல் உறுதிப்படும் என்று அந்நாளில் பலரும் கருதினர். அதற்கும் அந்தப் பதிவேடுகளில் ஆதரவு கிடைக்கவில்லை. என் மருத்துவர் உறை போடச் சொன்னது கடைவாய்ப்பல்லுக்கு. அந்தப் பல்லின் இரண்டு ஓர விளிம்புகளையும் சொத்தை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது.